கச்சான் காலத்தில் உறையாத குளிசை

போன கிழமை, என்னிடம் மருந்து கலக்கப் படித்த உங்களில் ஒருத்தி எனக்கு டெலிபோன் எடுத்தாள். பெயர் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். களிம்பு ஒன்றில் மணல் போலப் பருக்கை விழுந்திருக்கிறதாம். "மெடம், மருந்து பழுதாப் போச்சி. ஊத்திரவா?" என்றாள். "ஊத்தினா இஞ்சயிருந்து வந்து உன்ட காத முறுக்குவன்" என்று சொல்லி டெலிபோனை வைத்துவிட்டேன். பிறகு யோசித்தால், ஏன் ஊற்றக் கூடாது என்று சொல்லாமல் ஏசினது சரியாகப் படவில்லை. அது டெலிபோனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை. ஆகவே உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். அவசரக்காரர்கள் அடுக்களையில் வேலை இருந்தால் முடித்துவிட்டு வந்து வாசியுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனைக் கரையோரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. எது என்று கேட்காதீர்கள். அங்கே மருந்து கலக்கும் அறையில் நானும் தேவராசா அண்ணனும் வேலை செய்தோம். நீங்கள் இப்போது பெட்டியைப் பிரித்து எண்ணிக் கொடுக்கிறீர்கள். அப்போது பாதி மருந்தை நாங்களே அரைத்து, கரைத்து, காய்ச்சிக் கொடுத்தோம். தேவராசா அண்ணன் காரைதீவுக்காரர். என்னைவிடச் சில வயது மூப்பு, சம்பளத்தில் இரண்டு பேரும் ஒன்று. கை சுத்தமான மனிதர். கலங்கலாக ஒரு போத்தல் எங்கள் அறையை விட்டு வெளியே போனால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கலவையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணாடி போலத் தெளிந்திருந்தால்தான் மூடி போடுவார். எனக்கும் அதே பழக்கம்தான். எங்கள் தொழிலில் கலங்கல் என்றால் பிழை, தெளிவு என்றால் சரி. இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் வந்து நம் காலை வாரப்போவது அதுதான்.

வார்ட்டில் ஆதம்பாவா காக்கா என்று ஒருவர் படுத்திருந்தார், காக்கா என்றால் எங்கள் ஆட்களுக்கு அண்ணன். கரைவலை இழுத்து உரமேறின மனிதர். சோறு இறங்குகிற குழாயில் புற்று. கொழும்புக்குப் போய் வந்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். தண்ணீரே மிடறு மிடறாகத்தான் இறங்கும், குளிசை விழுங்க ஏலாது. நோவு வந்தால் பக்கத்தில் யாருடைய கை கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கை நோவு போகும்வரை இவருடைய பிடியில்தான் கிடக்கும்.

அவருக்கு ஒரே மகள், ஹாஜறா. அவளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மறுநாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் காவின், அதாவது நிக்காஹ். எங்கள் வழக்கத்தில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்து, சபை கேட்க, மகளை நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொல்ல வேண்டும். தகப்பனால் முடியாவிட்டால் அவர் பொறுப்புக் கொடுக்கிற ஒருவர் சொல்லலாம், அதில் குறை ஒன்றுமில்லை. ஆதம்பாவா காக்காவின் தம்பி அதற்கு ஆயத்தமாகத்தான் இருந்தார். ஆனால் காக்கா தலையை ஆட்டவில்லை.

அன்று காலையில் மருந்துச் சீட்டோடு ஹாஜறாதான் எங்கள் அறைக்கு வந்தாள். நாளைக்கு மணப்பெண். அவளுடைய வலது கை விரல்கள் நாலும் கன்றிச் சிவந்திருந்தன.

"என்ன புள்ள இது?" என்றேன்.

"வாப்பா புடிச்ச. மருதோண்டி போட்டா தெரியாது ராத்தா" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளோடு வார்ட்டுக்குப் போனேன். காக்கா என்னைக் கண்டதும் மகளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டு மெதுவாகக் கதைத்தார்.

"என்ட கை இப்ப என்ட சொல்லுக் கேக்குதில்ல புள்ள. நாளைக்கி மாப்புள்ளட கைய நெரிச்சிப்போட்டு, சொல்ல வேண்டியதச் சொல்லாம முனகிக்கிட்டு இருந்தனெண்டா, அந்தச் சபைக்குள்ள என்ட மகள்ட கலியாணம் என்னாகும்? ஊசி போட்டா நோவு போகுது. ஆனா நானும் போயிர்றன். நாக்குப் புரளுதில்ல. அதுவும் சரிவராது. இருந்து சொல்லோணும். அதுக்கு மட்டும் ஒரு வழி செய்ங்க."

டொக்டர் இளம் பிள்ளை, வந்து வருடம் ஆகவில்லை. ஆனாலும் யோசித்திருந்தார். சீட்டில் இருந்தது அவருடைய யோசனைதான்: மோர்பினை ஊசியில் கொடுக்காமல், பின்வழியாக வைக்கிற குளிசையாகச் செய்து கொடுப்பது. அளவு குறைவு, மெதுவாக இறங்கும், நோவு அடங்கும், ஆள் விழித்திருப்பார் என்பது அவருடைய கணக்கு. பின்னேரம் ஒன்றை வைத்துப் பார்ப்போம், சரிவந்தால் காலையில் வீட்டுக்கு விடுகிறேன், சரிவராவிட்டால் தம்பிக்காரர் சொல்லட்டும் என்றார்.

அந்தக் குளிசை கொக்கோ வெண்ணெயில்தான் செய்கிறது. அறைச் சூட்டில் கட்டியாக இருக்கும், உடம்புச் சூட்டில் இளகி மருந்தை விடும். அதற்காகவே படைத்தது போன்ற சாமான். எங்களிடம் ஒரே ஒரு கட்டி மிச்சம் இருந்தது. அடுத்தது கொழும்பிலிருந்து எப்போது வருமோ தெரியாது. மோர்பின் தூளும் இரட்டைப் பூட்டு அலுமாரியில் அந்த அளவுக்குத்தான் இருந்தது.

தேவராசா அண்ணன் கட்டி முழுவதையும் துருவினார். நான் தூளை நிறுத்தேன். கச்சான் காற்று வீசுகிற காலம், பகலில் யன்னலைத் திறந்தால் முகத்தில் அடுப்பு ஊதினது போல இருக்கும். அதனால் இறுக்கத்துக்குக் கொஞ்சம் தேன்மெழுகும் சேர்த்தோம். சுடுதண்ணீரின் மேல் பாத்திரத்தை வைத்து அவர் உருக்கினார். உருகின பிறகும் உள்ளே ஒரு மங்கல் இருந்தது. எங்களுக்கு மங்கலைக் கண்டால் பொறுக்குமா? இன்னும் சூடாக்கினோம். பொன் நிறத்தில், அடி தெரியத் தெளிந்தது.

"பாருங்க தங்கச்சி, தேன்மாதிரி" என்றார். எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது.

தூளைக் கலந்து, பித்தளை அச்சில் ஊற்றி, மண்ணெண்ணெய்ப் பிரிஜ்ஜுக்குள் வைத்தோம். மத்தியானம் எடுத்தோம். அழகான குளிசைகள். தாளில் சுற்றத் தொடங்கினேன். முதலாவதைச் சுற்றி முடிக்க முன் அது என் விரலுக்குள் எண்ணெயாகிவிட்டது. இரண்டாவதும் அப்படி. தட்டில் இருந்தவை ஒவ்வொன்றாகக் குந்தி, படுத்து, ஒன்றோடொன்று கலந்து குளம் கட்டின. இவ்வளவு நாளும் இதே கொக்கோ வெண்ணெய் இதே கச்சான் சூட்டில் கட்டியாகத்தானே அலுமாரியில் இருந்தது? அலுமாரியில் நின்றது தட்டில் ஏன் நிற்கவில்லை? அந்தத் தட்டில் கிடந்தது வெறும் எண்ணெய் இல்லை, நாளைய காவின்.

தேவராசா அண்ணன் தட்டைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். "வெண்ணெய் பழுது. பழைய சாமான அனுப்பி இரிக்கானுகள்" என்றார். பிறகு, "மெழுகு கூடப் போடுவம் தங்கச்சி. உருக்கிப் போட்டா கல்லுமாதிரி நிக்கும்."

"நிக்கும் அண்ணன். உள்ளுக்குப் போயும் நிக்கும். இளகாட்டி மருந்து எப்பிடி வெளிய வாற? காக்காக்கு மெழுகுதிரியா வெச்சி அனுப்பப்போறம்?"

பிள்ளைகளே, அவசரத்தில் நமக்கு வருகிற முதல் யோசனை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற குறையைத்தான் சரிசெய்யும். குளிசை கட்டியாக வேண்டும் என்பது எங்களுடைய கவலை. காக்காவுக்கு அது இளக வேண்டும். யாருடைய தேவைக்கு மருந்து செய்கிறோம் என்பதைப் பதற்றம் மறக்கடிக்கும்.

அப்போதுதான் கண்டேன். தட்டின் ஓரத்தில் இரண்டு குளிசைகள் மட்டும் அசையாமல் இருந்தன. அதே பாத்திரம், அதே தூள், அதே மெழுகு. மற்றவை குளமாகிவிட்டன, இவை இரண்டும் ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்து நிற்கின்றன.

பிரிஜ்ஜில் கூடக் குளிர்ந்த மூலையில் இருந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். நினைப்பை நம்பாமல், இளகினதில் கொஞ்சத்தை அச்சில் ஊற்றி, நின்ற ஒன்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே மூலையில் குளிர வைத்தேன். வெளியே எடுத்தால் பழையபடி ஒன்று ஓடியது, மற்றது நின்றது. அப்படியென்றால் குளிரில் இல்லை சங்கதி.

"அண்ணன், இந்த ரெண்டும் எப்ப ஊத்தின?"

"அது கடசியா. பாத்திரத்திட விளிம்பயும் சுரண்டி ஊத்தின."

விளிம்பு. சுடுதண்ணீர் எட்டாத இடம். துருவும்போது ஒட்டின தூசளவு வெண்ணெய் அங்கே உருகாமல் இருந்திருக்கிறது. நாங்கள் தெளியத் தெளியச் சூடாக்கினபோது அது மட்டும் தப்பிவிட்டது.

எனக்குப் படிக்கிற காலத்தில் ஒரு விரிவுரையில் அரைத்தூக்கத்தில் கேட்டது நினைவுக்கு வந்தது. பல்லுருவம் என்று சொல்வார்கள். ஒரே சேதனப் பொருள், ஒரே மூலக்கூறு, ஆனால் பளிங்காக உறையும்போது ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக அடுக்கப்படலாம். கொக்கோ வெண்ணெயின் மூலக்கூறுகள் நீளமான கால்கள் உள்ளவை. பொறுமையாக உறைய விட்டால் ஒன்றின் கால் மற்றதன் கால்களுக்கிடையே நெருங்கிப் படுத்துக்கொள்ளும். அவற்றுக்கிடையே பெரிய கட்டு ஒன்றும் கிடையாது. தொட்டுக்கொண்டிருப்பதுதான் கட்டு. ஒவ்வொரு தொடுகையும் அற்பம், ஆனால் கோடிக்கணக்கில் சேரும்போது உடம்புச் சூடு வரைக்கும் தாங்கும். திடீரென்று குளிர வைத்தால் அவை கிடைத்த இடத்தில் கிடைத்தபடி உறையும். நெருக்கம் இல்லை, தொடுகை குறைவு, கச்சான் காற்றுக்கே கழன்றுவிடும். நெல் மூடையைக் குறுக்கும் நெடுக்குமாய் மாற்றி அடுக்கினால் கூரை வரை நிற்கும், எறிந்து குவித்தால் சரியும். மூடையில் ஒரு குறையும் இல்லை.

எப்படி அடுக்குவது என்று புதிதாய் உறைகிறவற்றுக்கு வழிகாட்டுவது ஏற்கெனவே நல்லபடி அடுக்கின ஒரு சிறு பளிங்குதான். அதை வித்து என்பார்கள். நாங்கள் வெண்ணெயைக் கண்ணாடி போலத் தெளிய வைத்தபோது அந்த வித்துகளையெல்லாம் கரைத்துவிட்டோம். நாங்கள் பிழை என்று நினைத்த மங்கல்தான் அந்த வித்து. வெண்ணெய் பழுதாகவில்லை. பிழையாக உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நெஞ்சில் இருந்து பாதிப் பாரம் இறங்கியது. மீதிப் பாதி இறங்கவில்லை. வித்துக்கு எங்கே போவது? கட்டி முழுவதையும் துருவிவிட்டோம், விளிம்பையும் சுரண்டிவிட்டோம். நல்ல அடுக்கு இருந்த இடம் உலகத்தில் இரண்டே இரண்டுதான், அந்த நின்ற குளிசைகள்.

தேவராசா அண்ணன் கையால் தட்டை மறைத்துக்கொண்டார். "வேணாம் தங்கச்சி. இது ரெண்டும் நல்ல மருந்து. ஒண்டு இண்டைக்கிப் பாக்க, ஒண்டு நாளைக்கிக் காவினுக்கு. போதும். மறுகா நாம பாத்துக்குவம்."

அவர் சொன்னதில் பிழை இல்லை, அதுதான் கஷ்டம். கையில் இருக்கிறது நிச்சயம். நான் சொல்வது அரைத்தூக்கத்தில் கேட்ட பாடம். ஆனால் ஒன்றை இன்றைக்கு வைத்து, அளவு போதாவிட்டால்? நாளைக்கு அசர் தொழுகை பிந்தி, மாப்பிள்ளை வீட்டார் பிந்தி, மருந்து இறங்கி முடிந்த பிறகு சபை கூடினால்? எங்கள் ஊரில் எந்தக் கலியாணம் சொன்ன நேரத்துக்கு நடந்திருக்கிறது? ஒரே ஒரு குளிசையை நம்பி அந்த மனிதரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"ஒண்ட உடைப்பம். ஒண்ட வெச்சிக்குவம்" என்றேன். "நான் சொன்னது பிழைச்சாலும் காவினுக்கு ஒண்டு இரிக்கி."

அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு, "புடிவாதக்காரி" என்றார். அது சம்மதம்.

இன்னொரு வசதியும் இருந்தது. அந்தக் குளிசைக்குள்ளும் அதே அளவில்தான் மருந்து. அதைச் சுரண்டிச் சேர்த்தால் மற்றவற்றின் அளவு கூடாது, குறையாது. குளமானதையெல்லாம் பாத்திரத்தில் சேர்த்து இளஞ்சூட்டில் ஒன்றாக்கினேன். பிறகு தண்ணீருக்குள் வைத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து உள்ளங்கைச் சூட்டுக்கும் கீழே இறக்கினேன். சூடாக இருக்கும்போது போட்டால் வித்தும் கரைந்துவிடும், பிறகு ஒன்றும் இல்லை. தேவராசா அண்ணன் குளிசையைக் கையால் தொடாமல் தாளில் பிடித்து, கத்தியால் மெல்லச் சுரண்டிப் போட்டார். கிளறினோம். தூளுக்கு நடுவே தெளிந்திருந்த எண்ணெய் மெதுவாக மங்கியது. பால் கலந்த தண்ணீர் போல ஆனது.

"கலங்குது" என்றார், பழக்கதோஷத்தில் கையை அடுப்புப் பக்கம் கொண்டுபோய்க்கொண்டே.

"கலங்கட்டும். கைய எடுங்க."

ஊற்றினோம். பிரிஜ்ஜில் வைத்தோம். இரண்டு பேரும் வெளியே போய்ப் பிளேன்ரீ குடித்தோம். குடித்ததா என்று கேட்டால், கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். அவர் பாண்டிருப்புக் கோவிலுக்கு நேர்ச்சை வைத்தார். நான் ஸலவாத்து ஓதினேன். நேரம் வந்ததும் அச்சைப் பிரித்து எல்லாவற்றையும் தட்டில் நிரையாக நிறுத்தி, யன்னலையும் திறந்துவிட்டேன். காற்று வந்து முகத்தில் அடித்தது. ஒரு குளிசையும் அசையவில்லை.

ஒன்றை எடுத்து உடம்புச் சூட்டுத் தண்ணீரில் போட்டேன். இதுதான் எனக்குப் பெரிய சோதனை. கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு ஓரம் மழுங்கி, இடுப்பு வளைந்து, மெதுவாகக் கரைந்து போனது. தேவராசா அண்ணன் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழவில்லை, அப்போது.

பின்னேரம் வார்ட்டில் ஒன்றை வைத்தார்கள். நான் அங்கேயே நின்றேன். காக்கா ஹாஜறாவின் கையைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தார். நேரம் போகப் போக அவருடைய பிடி தளர்ந்தது. ஹாஜறா கையை எடுத்துக்கொண்டாள், அவர் தடுக்கவில்லை. கண்ணைத் திறந்து, "மகள், மாப்புள்ள வீட்டாருக்குச் சோத்துக்கு ஆர சொல்லியிரிக்கி?" என்று கேட்டார். நாக்குப் புரண்டது. டொக்டர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மறுநாள் குளிசைகளை ஒரு தகரப் பேணிக்குள் வைத்து, பேணியை ஈரத்துணி சுற்றின மண்குடத்துக்குள் இறக்கி, நானே அவர்களுடைய வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான் நினைத்ததே நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பிந்தினார்கள், லெப்பை பிந்தினார், பதிவுகாரர் எல்லோரையும் விடப் பிந்தினார். முதலில் வைத்தது இறங்கி முடியப்போகிறது என்று காக்காவின் மனைவி உள்ளே ஓடி வந்தார். பேணியில் இருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒன்றுக்காகத்தான் நல்ல குளிசையை உடைத்தோம்.

காவின் முன் கூடத்தில் நடந்தது. பெண்கள் நாங்கள் திரைக்குப் பின்னால். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, காதுதான் கண். லெப்பை ஓதி முடித்தார். மாப்பிள்ளையின் கையைப் பிடியுங்கள் என்றார். பிறகு சத்தம் இல்லை. பக்கத்தில் இருந்த ஒருத்தி என் தோளைப் பிடித்தாள். மனதுக்குள் அந்தக் குளிசை இளகிக்கொண்டிருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான்.

ஆதம்பாவா காக்காவின் குரல் வந்தது. கம்மியிருந்தது, ஆனால் ஒரு சொல்லும் விழவில்லை. மகளின் பெயர் சொல்லி, மஹர் சொல்லி, நிக்காஹ் செய்து தந்தேன் என்று சபைக்கே கேட்கச் சொன்னார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றார். திரைக்குப் பின்னால் குரவை எழும்பியது. அதற்குப் பிறகுதான் நான் அழுதேன், எனக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒரு சொந்தமும் கிடையாது.

இவ்வளவும்தான் பிள்ளை, உன்னுடைய களிம்புக்கு நான் சொல்ல இருந்தது. பருக்கை கண்டால் உடனே ஊற்றாதே, கொடுக்கவும் செய்யாதே. பழுதாகிவிட்டதா, பிழையாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பார். இரண்டும் வேறு.

குரவை அடங்க முன் மாப்பிள்ளையை உள்ளே கூட்டி வந்தார்கள். பெண்கள் எல்லோரும் அவருடைய முகத்தைப் பார்க்க முண்டியடித்தார்கள். நான் குனிந்து அவருடைய வலது கையைப் பார்த்தேன்.

"என்னகா, மாப்புள்ளட முகத்தப் பாக்காம கையப் பாக்கிறாய்?" என்று ஒருத்தி என்னைக் கிள்ளினாள்.

அந்தக் கையில் ஒரு சிவப்பும் இல்லை.